அஸ்மத் அக்காவின் நம்பர்

எங்கள் வீட்டுவசதிச் சங்கத்தின் அலுவலகம் நந்தனத்தில், ஒரு டிராவல்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. வேலை பார்ப்பது அஸ்மத்துன்னிசா அக்காவும் நானும். எங்களை மேய்ப்பது செயலாளர். ஃபைல்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, பீரோக்களைக் காயலான் கடைக்கு அனுப்பிய அன்று ரொம்பச் சந்தோஷப்பட்டவர் அக்காதான். அவருக்குத் தூசி ஆகாது. இருபது வருஷமாக மூக்கில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டுதான் ஃபைல் தேடினார்.

புது ஏற்பாட்டில் ஒரு போன் நம்பரைப் பதிய வேண்டியிருந்தது. செயலாளருக்குத் தன் போனில் கண்ட சத்தமும் கேட்கக் கூடாது. "இப்போதைக்கு உங்க நம்பரைப் போட்டுடுங்கோ, அப்பறமா மாத்திண்டுடலாம்" என்றார் அக்காவிடம். எங்கள் ஆபீசில் 'இப்போதைக்கு' என்றால் ஆயுசுக்கும் என்று அர்த்தம். நான் கண்ணைக் காட்டுவதற்குள் அக்கா நம்பரை அடித்துவிட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

அன்றிலிருந்து யார் எந்த ஃபைலைத் திறந்தாலும் அக்காவின் போனுக்கு ஓடிபி வரும். அதை அக்கா படித்துச் சொன்னால்தான் திறக்கும். செயலாளர் தன் அறையிலிருந்து "வந்துதா?" என்பார். முன்பு ஞாயிற்றுக்கிழமை ஃபைலும் தூங்கும், நாங்களும் தூங்குவோம். இப்போது மனிதருக்கு வீட்டில் பொழுது போகாவிட்டால் ஒரு ஃபைலைத் திறந்துவிடுகிறார். அக்கா கறிக்கடையில் நின்று எண் படித்தார், நிக்காஹ் வீட்டில் படித்தார். கொழுந்தனார் மவுத்தான சாவு வீட்டிலும் வாசலுக்கு வந்து படித்தார்.

நம்பரை மாற்ற கமிட்டி கூடித் தீர்மானம் போட வேண்டுமாம். எங்கள் கமிட்டிக்காரர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. ஒரு தடவை அக்கா லீவு போட்டு, பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டிருந்த நேரத்தில் ஓடிபி வந்து காலாவதியானது. ஒருவருடைய பத்திரப்பதிவு அன்று நின்றுபோனது. அதன்பிறகு அக்காவுக்கு லீவு என்ற பேச்சே கிடையாது.

இந்த நிலையில்தான் அக்காவின் மகள் ஷாகிரா முழுகாமல் இருந்தாள். முதல் பிரசவம் தாய் வீட்டில் நடப்பதுதான் எங்கும் வழக்கம். ராயப்பேட்டை வீட்டில் அக்காவைத் தவிர வேறு ஆள் இல்லை. அக்காவும் ஆபீசுக்கு வந்துவிட்டால் நிறைமாதக்காரியைப் பகலில் யார் பார்ப்பது? ஆம்பூர் சம்பந்தி, பெண் எங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

"பெத்தவ குத்துக்கல்லாட்டம் உயிரோட இருக்கேன். எம் பொண்ணு மாமியா வீட்ல பிரசவத்துக்குக் கெடக்குது, கோமளம்" என்று சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டு அக்கா அழுதார். வலி வரும்போதாவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஷாகிரா அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. செயலாளர் அறைக்குப் போய்க் கத்திவிட்டேன். கத்தினால்தான் அந்த மனிதருக்குக் காது கேட்கும். கடைசியில் இறங்கிவந்தார். பிரசவ தேதிக்கு முன்னும் பின்னுமாக ஒரு வாரம் போய் வரலாம், போன் மட்டும் இங்கே இருக்கட்டும் என்றார்.

அக்கா மலிவாக ஒரு போனும் புது நம்பரும் வாங்கி, அந்த நம்பரை ஷாகிராவுக்கு அனுப்பினார். பழைய போனைச் செயலாளர் மேஜையில் வைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு படி இறங்கினார். அப்படி அவர் நடந்து நான் பார்த்ததே இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். பேத்தி பிறந்திருந்தாள். நான் வாழ்த்துச் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. பழைய போன் செயலாளர் மேஜையிலிருந்து அதற்குள் அக்காவின் மேஜைக்கு வந்திருந்தது.

"நான் ரயில்ல போய்ட்டிருக்கும்போதே வலி வந்துடுச்சு. சொன்ன தேதிக்கு முன்னாடியே" என்றார். "வலியில புது நம்பர் எங்க ஞாபகம் இருக்கும்? மனப்பாடமா இருக்கிற நம்பருக்குப் போட்டிருக்கா. அம்மி, அம்மின்னு என்னைக் கூப்பிட்டு அழுதிருக்கா. நம்ம செயலாளர்தான் எடுத்திருக்காரு. 'மேடம் லீவு. உங்க ஃபைல் நம்பர் சொல்லுங்கோ'ன்னாராம். இவ அழுதுட்டே இருந்தாளாம். அவரு வச்சிட்டாராம்."

நான் செயலாளர் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"நான் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு. பொறந்ததும் குழந்தை காதுல ஓதுற பாங்குகூட சொல்லியாச்சு. நான் போய் அவ கையப் புடிச்சேன். என்னையே பாத்துட்டு இருந்தா. அப்பறம் கேட்டா, 'அம்மி, என் ஃபைல் நம்பர் என்ன?'"

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆக வேண்டும் என்று வேறு சமயமாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

மேஜைமேல் போன் சிணுங்கியது. உள்ளேயிருந்து குரல் வந்தது: "வந்துதா?"

அக்கா துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திப் படித்தார். கடைசி எண் சரியாகக் கேட்கவில்லை என்றார் செயலாளர்.

"ஏழு சார்" என்றார் அக்கா.