ஆதாரம் இல்லை என்று நான் சொன்ன குளிசை

என் நோர்வேஜிய மருத்துவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பிவிடுவார். பதினைந்து வருடமாக அவரிடம் போகிறேன். இன்னும் எனக்கு இது பழகவில்லை. ஏதாவது கேட்டால், "இருங்கள், பார்ப்போம்" என்று எதையோ தட்டித் தேடி, வருகிற பக்கத்தை என்னோடு சேர்ந்து வாசிப்பார். சில நாட்களில் வாசித்து முடித்துவிட்டு, "இதற்கு உறுதியான பதில் இன்னும் இல்லை. எனக்கும் தெரியாது" என்பார். முதல் தடவை அதைக் கேட்டுவிட்டு வந்து, வேறு டொக்டர் பார்ப்போம் என்று கணவரிடம் சொன்னேன். நான் திருகோணமலையில் சல்லி என்ற கரையோர ஊரில் வளர்ந்தவள். நாங்கள் கண்ட டொக்டர்மார், நோயாளி கதிரையில் சரியாக இருக்கும் முன்பே மருந்துத் துண்டை எழுதி முடித்துவிடுவார்கள். ஏன், எதற்கு என்று நாங்களும் கேட்டதில்லை. தெரியாது என்று ஒரு டொக்டர் சொல்லியிருந்தால், அடுத்த நாள் அவரிடம் ஒருவரும் போயிருக்க மாட்டார்கள்.

எனக்கு நீரிழிவு. மூன்று வருடத்துக்கு முன் அந்த மருத்துவரே என்னை ஒரு குழுவில் சேரச் சொன்னார். மருத்துவமனை அச்சிடும் துண்டுப் பிரசுரங்கள் சாதாரண ஆட்களுக்கு விளங்குகின்றனவா என்று நோயாளிகளே வாசித்துச் சொல்லும் குழு அது. எங்களுக்குப் பெயர் 'புரூக்கர் ரெப்ரசென்தாந்த்'. சேவையைப் பயன்படுத்துகிறவர்களின் பிரதிநிதி என்று அர்த்தம். கணவர் அதைப் பாதியில் கேட்டுவிட்டு, "இந்த வயசில உமக்கு என்னத்துக்குப் புரோக்கர் வேலை?" என்றார். முதல் கூட்டத்தில் கையில் தந்தது, நீரிழிவுக்காரரின் கால் எரிவுக்கென்று கடைகளில் விற்கும் சில கப்சூல்களைப் பற்றியது. அவற்றுக்கு 'டொக்குமென்தேர்த் எஃபெக்ட்' இல்லை என்று எழுதியிருந்தது. டொக்குமென்த் என்றால் எனக்குத் தெரிந்தது பத்திரம்தான். நான் கையை உயர்த்தி, பத்திரம் இல்லாத மருந்தென்றால் களவாகக் கொண்டுவந்ததா, அதை ஏன் கடையில் விற்க விடுகிறீர்கள் என்று கேட்டேன். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மருந்தாளர்தான் பொறுமையாக விளக்கினார். கப்சூலுக்குப் பத்திரம் எல்லாம் இருக்கிறது; அது வேலை செய்கிறது என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. கொஞ்சப் பேருக்குக் கொடுத்து, கொஞ்சப் பேருக்குக் கொடுக்காமல், இரண்டு பக்கத்தையும் ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் போதவில்லை. "அப்படியென்றால் அது வேலை செய்யாதா?" என்றேன். "அப்படியும் சொல்ல முடியாது" என்றார் அவர்.

அந்தச் சொல்லை நான் அப்படி விளங்கிக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என் அகதி விண்ணப்பத்துக்கு வந்த முதல் கடிதத்திலும் அதே சொல்தான் இருந்தது. எங்கள் வீடு எரிந்ததை நான் சொல்லியிருந்தேன். அது டொக்குமென்தேர்த் இல்லை என்று எழுதியிருந்தார்கள். வீட்டோடு காகிதங்களும்தானே எரிந்தன, எரிந்ததற்குக் காகிதம் எங்கே போய் எடுப்பது? என்னைப் பொய்க்காரி என்று சொல்லிவிட்டார்கள் என்று அழுதேன். வழக்கறிஞர், அப்படி இல்லை, நடக்கவில்லை என்று அவர்கள் சொல்லவில்லை, நடந்ததைக் காட்ட எதுவும் கையில் இல்லை என்றுதான் சொல்கிறார்கள் என்றார். அன்று எனக்கு அது வெறும் சொல் விளையாட்டாகப் பட்டது. பிறகு இங்கே தங்க அனுமதி கிடைத்து, பிள்ளைகள் வளர்ந்து, முதியோர் இல்லத்தில் வேலையும் பழகி, இத்தனை வருடம் கழித்து, கால் எரிவுக் கப்சூலை வைத்துக்கொண்டுதான் அந்த வித்தியாசம் எனக்கு முழுதாக விளங்கியது. பயனில்லை என்று கண்டது வேறு. பயனுண்டா என்று இன்னும் காணாதது வேறு. அதற்குப் பிறகு குழுவில் அந்த இரண்டையும் கலந்து எழுதியிருந்தால் முதலில் கண்டுபிடிப்பவள் நான்தான்.

அந்தப் பெருமையோடு அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன். அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். கிளிவெட்டியில் வயல் செய்கிறவரைக் கட்டியவள். அவளுக்கும் சீனி வருத்தம். அரசாங்கக் கிளினிக்கில் மாதாமாதம் அதற்கான மருந்துக் குளிசை எடுப்பாள். கால் எரிவுக்கென்று திருகோணமலை ரவுணில் யாரோ விற்கும் ஒன்றையும் வாங்கிப் போடுகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"அக்கா, கால் எரிவுக்கு நீ போடுற குளிசை வேலை செய்யும் எண்டதுக்கு ஆதாரம் இல்லையாம்" என்றேன்.

"எது, அந்த வெள்ளையோ?"

எங்கள் துண்டுப் பிரசுரத்துப் படத்தில் இருந்தது வெள்ளை நிறம். "ஓம், வெள்ளைதான்."

"அப்ப சரி. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள். பிறகு பிள்ளைகளைப் பற்றிக் கதைத்தோம்.

மூன்று மாதம் கழித்து அக்காவின் கணவரான அத்தானிடமிருந்து அழைப்பு வந்தது. "வயலுக்க காலில ஏதோ குத்தியிருக்கு வசந்தி. அவவுக்கு நொந்ததே தெரியேல்ல. காயம் பழுதாகி, சீனியும் கண்டபடி ஏறி, ரவுண் ஆஸ்பத்திரியில மறிச்சிட்டாங்கள். சின்ன விரலை எடுத்தாச்சு. காலைக் காப்பாத்தப் பாக்கினம்." அவர் சொல்வதைக் கேட்டபடியே நான் விமானச் சீட்டைத் தேடத் தொடங்கிவிட்டேன். விமானத்தில் இருந்த நேரம் முழுக்க, அந்த மூன்று மாதத்துக்கு முந்திய பேச்சு ஒருமுறைகூட என் நினைவுக்கு வரவில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வார்டில் அக்கா தலையணையில் சாய்ந்திருந்தாள். கால் பந்தம்போலச் சுற்றிக் கட்டியிருந்தது. கட்டிலருகே ரிஸ்னா என்ற இளம் பெண் டொக்டர் நின்றார், கிண்ணியா ஊர்ப் பிள்ளை. வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் கொண்டுவரும்படி அவர் கேட்டிருந்தார். அத்தான் ஒரு ஷொப்பிங் பையைக் கட்டிலில் கவிழ்த்தார். கால் எரிவுக்கு ரவுணில் வாங்கிய பச்சைக் கப்சூல் போத்தல் ஒன்று, பாதி காலி. கிளினிக்கில் சீனிக்குக் கொடுத்த வெள்ளைக் குளிசைகள், பைக்கற் பைக்கற்றாக, உடைக்காமல்.

"இதை ஏன் அம்மா போடேல்ல?" என்று டொக்டர் வெள்ளையைத் தூக்கிக் காட்டினார்.

அக்கா என்னைப் பெருமையோடு பார்த்தாள். "இவ என்ர தங்கச்சி. நோர்வேயில ஆஸ்பத்திரிக் கொமிட்டியில இருக்கிறா. வெள்ளைக்கு ஆதாரம் இல்லையெண்டு இவதான் சொன்னவ."

அந்தக் குரலில் குற்றச்சாட்டு ஒரு துளிகூட இல்லை. டொக்டர் என் பக்கம் திரும்பினார். பச்சை என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. நிறத்தைக்கூடப் பார்க்காமல், பல ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்து, "வெள்ளைதான்" என்று சொன்னவள் நான். ஒரு கப்சூலைப் பற்றி ஒரு வரி எழுத எத்தனை பேர் எத்தனை நாள் யோசிக்கிறார்கள் என்று குழுவில் கண்டிருக்கிறேன். என் வாயிலிருந்து வருகிற சொல்லை அக்கா எவ்வளவு பெரிதாக எடுப்பாள் என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"பிழை என்னில, டொக்டர்" என்றேன். பிறகு நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

அவர் ஏசவில்லை. "நீங்க வாசிச்ச விசயம் பிழையில்ல. எந்தக் குளிசை எண்டு பார்க்காமச் சொன்னதுதான் பிழை" என்றார். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இந்த வெள்ளைதான் இவ்வளவு காலமும் உங்கட சீனியக் கட்டி வச்சிருந்தது. இதை எத்தனையோ நாட்டில எத்தனையோ பேருக்குக் குடுத்துப் பார்த்திருக்கு. இதை நீங்க விடக்கூடாது" என்றார்.

"அப்ப பச்சை?"

டொக்டர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லம் எண்டு காட்ட ஒண்டும் இல்ல. கெடுதி செய்யுமா எண்டு எனக்குத் தெரியாது. உள்ளுக்க என்ன இருக்கு எண்டே இதில எழுதேல்ல. தெரியாத ஒண்டை எதுக்கு அம்மா போடுவான்?"

எனக்குத் தெரியாது என்று ஒரு டொக்டர் தமிழில் சொல்லி நான் கேட்டது அன்றுதான். அக்காவும் திகைத்துத்தான் போனாள். ஆனால் வேறு டொக்டர் வேண்டும் என்று கேட்கவில்லை. "சரி பிள்ளை, எறிஞ்சு விடுங்கோ" என்றாள். டொக்டர் ஃபோனில் ஒரு பக்கத்தைத் திறந்து எனக்கு நீட்டினார். எங்கள் குழுவுக்கு வரும் ஆய்வுச் சுருக்கங்கள் எடுக்கப்படும் அதே இடம். இந்த அறிவை நான்தான் நோர்வேயிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவருகிறேன் என்று நினைத்திருந்தேன். அது எனக்கு முன்னரே இந்த வார்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

அக்காவின் கால் தப்பியது. காயம் ஆற நாள் எடுத்தது. அந்த நாட்களில் ஆஸ்பத்திரிக்கும் கிளிவெட்டிக்கும் இடையில், சீனன்குடா தாண்டிக் கிண்ணியாப் பாலத்தால் பஸ்ஸில் போய்வரும்போது நான் பலருக்கு நன்றி சொல்லிக்கொண்டு போவேன். ஏசாமல் விளக்கிய அந்தப் பெண்ணுக்கு. காயத்தை நாள் தவறாமல் கழுவிக் கட்டிய நேர்ஸ்மாருக்கு. என்னைக் குறை சொல்லாத அத்தானுக்கு. இன்னும், எந்த ஊர் என்றே தெரியாத அந்த மனிதர்களுக்கு. தமக்குக் கிடைப்பது மருந்தா வெறும் மாவா என்று அறியாமல் குளிசையை விழுங்கி, இரத்தம் கொடுத்து, தங்கள் உடம்பில் நடந்ததை ஆய்வுக்காக எழுத விட்டவர்கள் அவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் வெள்ளை எது, பச்சை எது என்று ரிஸ்னாவாலும் சொல்லியிருக்க முடியாது.

நான் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னர் அக்காவை அவளுடைய கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். வரிசையில் எனக்கும் சீனி என்று அக்கா சொல்லிவைக்க, நேர்ஸ் "நீங்களும் சீனிக்காரர்தானே, பாத்திட்டுப் போங்கோ" என்று என் விரலிலும் குத்தி, எனக்கும் ஒரு புதுக் கிளினிக் கொப்பி போட்டார். விலாசம் கேட்டார். நான் வாயெடுக்கும் முன் அக்கா, "கிளிவெட்டி" என்றாள். நேர்ஸ் எழுதி, அடுத்த மாதத் திகதியையும் குறித்துத் தந்தார். கொப்பியை அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

போன கிழமை காலை, வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா எடுத்தாள். "இண்டைக்குக் கிளினிக். ரெண்டு கொப்பியையும் வரிசையில வச்சனான். உன்ர பேரையும் கூப்பிட்டவை."

"நீ என்ன சொன்னனி?"

"வருவா எண்டு சொன்னன். அடுத்த மாசத்துக்குத் திகதி போட்டுத் தந்தவை."

திகதி என்ன என்று கேட்டு, என் நாட்காட்டியில் குறித்துக்கொண்டேன். அந்தத் திகதியில் எனக்கு இங்கே முதியோர் இல்லத்தில் காலை வேலை.