லோகேஸ்வரியின் முதல் அடி

முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து பதினான்கு மாதம் கழித்து, மலேசியாவின் கிள்ளான் நகரில் தன் பழைய கபடிக் குழுவின் பயிற்சிக்கு லோகேஸ்வரி திரும்பிப் போனாள். பயிற்சியாளர் சுகுமாறன் அவளை ஒரே ஒரு முறை ஓடவிட்டுப் பார்த்தார்.

"ஸ்லோ ஆயிட்டே லா. முப்பத்து நாலு வயசுல இனி எங்க வேகம் வரப்போகுது? நீ டீம் மேனேஜரா இரு. ஜெர்சி, தண்ணி எல்லாம் பாத்துக்கோ."

"நான் ஆட வந்தேன், கோச்," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சுங்கை வே தொழிற்சாலையில் அவளுக்கு நாள் முழுக்க நின்றே செய்யும் வேலை. கம்போங் மேடான் அடுக்குமாடியில் வீடு. முழங்காலுக்குப் பயிற்சி கொடுத்த பிசியோ பாத்திமாவிடம் நேராகவே கேட்டாள்: "எனக்கு வேகம் வருமா, வராதா?"

"கபடியில நூறு மீட்டரா ஓடுறீங்கக்கா? நாலு அடி, ஒரு திருப்பம். உங்க பிரச்சனை ஓடுறதுல இல்ல, நிக்கிறதுல. கால் பயந்துபோய், நிக்கிறதுக்கே அஞ்சாறு சின்ன அடி வைக்குது. இடுப்பத் தாழ்த்தி ஒரே அடியில நில்லுங்க. அப்பதான் அடுத்த அடி சட்டுனு வரும்."

அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில், மஞ்சள் கோடுகளுக்கு நடுவே தினமும் காலையில் அதைத்தான் செய்தாள். ஓடுவாள், நிற்பாள், திரும்புவாள். லோரி ஓட்டும் கணவன் திருச்செல்வம் கைக்கு ஒன்றாக இரண்டு டென்னிஸ் பந்துகளை நீட்டிப் பிடித்து, ஏதாவது ஒன்றை விடுவான். அது இரண்டாம் முறை தரையைத் தொடுவதற்குள் அவள் பாய்ந்து பிடிக்க வேண்டும். எந்தக் கை என்பதை அவன் கண்ணைப் பார்த்தே கண்டுபிடிக்கிறாள் என்று தெரிந்ததும், அவன் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டான்.

கீழ்வீட்டுச் சின்னையா ஒருநாள் அவளை நிறுத்திச் சொன்னார்: "எல்லாம் சிரிக்கிறாங்கம்மா."

"சிரிக்கட்டும் அங்கிள். உங்க காடிய நிறுத்த வந்தா தள்ளி நிக்கிறேன்."

எட்டு மாதத்தில் சுகுமாறனின் குழுவுக்கு ஆள் எடுக்கும் தேர்வு வந்தது. நேர் ஓட்டத்தில் பதினான்கு பேரில் பன்னிரண்டாவதாக வந்தாள். திரும்பித் திரும்பி ஓடும் ஓட்டத்தில் இரண்டாவது. ஆனால் சுகுமாறன் வாசித்த பட்டியலில் அவள் பெயர் இல்லை.

"லிஸ்ட் முன்னமே போட்டாச்சு லா."

"அப்புறம் எதுக்கு எங்கள ஓடவிட்டீங்க? நல்லாப் பிடிக்கிற மூணு பேர நிறுத்துங்க. நான் மூணு தடவ ரெய்டு போறேன்."

மற்ற பெண்கள் வேடிக்கை பார்க்கக் கோட்டருகே கூடினார்கள். மறுக்க முடியாமல் அவர் மூவரை நிறுத்தினார்.

முதல் முறை, பத்தொன்பது வயது விஷ்ணுப்ரியா அவள் கணுக்காலைப் பிடித்துச் சாய்த்தாள். அறுவை செய்த கால்தான் அடியில் மாட்டியது. ஓடி வந்தவர்களைக் கையசைத்து விலக்கிவிட்டு லோகேஸ்வரி எழுந்தாள். அடுத்த முறை வேகமாக உள்ளே போய் ஒரே அடியில் நின்றாள். விஷ்ணுப்ரியாவின் கை வெறும் காற்றைப் பிடித்தது. அவள் தோளைத் தொட்டுவிட்டு லோகேஸ்வரி கோட்டைத் தாண்டி வந்துவிட்டாள். மூன்றாவது முறையும் தப்பினாள்.

மூச்சு வாங்க விஷ்ணுப்ரியாதான் முதலில் பேசினாள். "கோச், நம்ம எடுக்கலன்னா இவங்க வேற டீமுக்குப் போயிருவாங்க. அங்க இவங்கள என்னால பிடிக்க முடியாது லா."

சுகுமாறன் பட்டியலில் பன்னிரண்டாவது ஆளாக லோகேஸ்வரியின் பெயரை எழுதினார். அந்த ஆண்டுப் போட்டியில் மூன்று ஆட்டங்களில் இறங்கி ஐந்து புள்ளி எடுத்தாள். குழு அரையிறுதியில் தோற்றது.

"அடுத்த வருஷம் பாக்கலாம்," என்றார் சுகுமாறன்.

"சும்மா பாக்காதீங்க கோச். மாசா மாசம் எல்லாரையும் ஓடவிட்டு டைம் எடுங்க. செவுத்துல ஒட்டுங்க. அதப் பாத்து லிஸ்ட் போடுங்க."

அவர் முணுமுணுத்தார். ஆனாலும் மறுமாதமே எல்லாருடைய நேரமும் எழுதிய தாள் சுவரில் ஏறியது.