மஞ்சள் மறைத்த வெளுப்பு

என் மூத்த மகளின் உண்மையான நிறம் எனக்கு நினைவில்லை. நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் மஞ்சள்தான் வருகிறது.

ராஜபாளையத்தில் புகுந்த வீட்டுக் கிணற்றடியில், தினமும் காலையில் கல்லில் மஞ்சள் உரைத்து அவள் முகத்திலும் கைகாலிலும் பூசிக் குளிப்பாட்டுவேன். விரல் நுனி வெளிறும் முன்பே மறுபடி மருதாணி வைத்துவிடுவேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்கள் பள்ளியில் ஐந்து வகுப்பு படித்தவள் நான். படித்தவளுக்குப் பிள்ளை வளர்க்க வருமா என்று கல்யாணத்தின்போதே யாரோ பேசியது காதில் விழுந்திருந்தது. அதனால் ஒரு குறையும் சொல்ல இடம் வைக்கக் கூடாது என்றிருந்தேன்.

மூன்றாம் வயதில் அவள் ஓடுவதை நிறுத்தினாள். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாலே மூச்சு வாங்கியது. பாதியில் உட்கார்ந்து, தூக்கு என்று கையை நீட்டுவாள். சுவர்மண்ணைச் சுரண்டித் தின்றாள். அடித்தேன், அழுதுவிட்டு மறுபடியும் சுரண்டினாள். பிறகு முகம் உப்பியது.

"என்னமாப் பூரிச்சுப்போயிட்டா! தங்கத்துல வார்த்தாப்புல இருக்கா" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. எனக்கும் அப்படித்தான் பட்டது. அன்று மாலை சுற்றிப் போட்டேன்.

கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வைத்தியரை அழைத்து வந்தபோது, அவர் அவள் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே துவைத்த துணி போல வெளுத்திருந்தது. நகத்தைப் பார்க்கக் கையைத் தூக்கினார், மருதாணி.

"சோகை முத்திப்போச்சே தாயி. இம்புட்டு மஞ்சளப் பூசி வச்சா வெளுப்பு எப்படித் தெரியும்?"

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் மறக்க முடியவில்லை. அதன்பின் மகள் பத்து நாள்தான் இருந்தாள்.

பிறகு பிறந்த இளையவளுக்கு நான் மஞ்சளே பூசவில்லை.

"ஏட்டி, பொம்பளப் பிள்ள மொகத்த இப்படி வெறிச்சுன்னு வச்சிருக்கியே, பாக்கிறவுக என்ன சொல்லுவாக?" என்பார் மாமியார்.

"வேண்டாம் அத்தை."

"நாலு எழுத்துப் படிச்சவ கண்ணுக்கு எல்லாமே நோவாத்தான் தெரியும்."

மூத்தவளைப் பற்றி அவர் பேசமாட்டார். நானும் பேசமாட்டேன்.

தினமும் காலை வெயிலில் நிறுத்தி இளையவளின் இமையை இழுத்துப் பார்ப்பேன். ஒரு நாள் சிவப்பாகத் தெரியும், மறுநாள் வெளுப்பாகத் தெரியும். என் கண்ணை நம்பாமல் கணவரைக் கூப்பிடுவேன். "நேத்துப் பாத்த கண்ணுதானே?" என்பார். என் கை முகத்துக்கு நேராக வந்தாலே குழந்தை தலையைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தாள்.

இரண்டு வயது முடிந்த சமயம் ஒரு காலை, அவள் வாயில் மண் நறநறவென்றது. விரலை விட்டு எடுத்தேன். செம்மண். அன்றே வண்டி கட்டி வைத்தியரிடம் கொண்டுபோனோம்.

"இது ஆரம்பந்தான், பயப்படாதே" என்றார். "இன்னும் தாய்ப்பாலா குடுக்கே? அதுமட்டும் போதாது. கீரையும் பயறும் பிசைஞ்சு குடு. ரத்தம் குறைஞ்சாத்தான் மண்ணு கேக்கும். மண்ணு தின்னா வயித்துல பூச்சி. அந்தப் பூச்சி, இருக்கிற ரத்தத்தையும் குடிச்சிரும்."

இந்தப் பிள்ளையை எங்கே பறிகொடுப்பேனோ என்ற பயத்தில் பால்தான் காப்பாற்றும் என்று நம்பி, சோற்றைக் குறைத்துப் பாலைக் கொடுத்துவந்தவள் நான். அதை அவரிடம் சொல்லவில்லை.

முதலில் பூச்சிக்கு மருந்து. பிறகு தேனில் குழைத்த அயச்செந்தூரம். கரிசலாங்கண்ணியும் முருங்கைக்கீரையும் தினமும். சில நாளில் குழந்தையின் மலம் கரியைப் போலக் கறுத்துப் போனது.

உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது, மருந்துதான் குடலை அறுக்கிறது என்று முடிவு செய்தேன். யாரிடமும் கேட்கவில்லை. வேளை தவறாமல் செந்தூரத்தைக் குழைத்து, மாமியார் பார்க்காதபோது கிணற்றடி வாய்க்காலில் கழுவிவிட்டேன். "குடுத்தியா?" என்று கேட்டால், "குடுத்தேன் அத்தை" என்பேன். எட்டு நாள் அப்படிப் போனது. எட்டாம் நாள் குழந்தை நடுவாசலில் உட்கார்ந்து, தூக்கு என்று கையை நீட்டினாள். மூத்தவள் நீட்டிய அதே மாதிரி. மறுபடியும் வண்டி கட்டச் சொன்னேன்.

நடந்ததையெல்லாம் நான் சொல்லக் கேட்டு, வைத்தியர் முதலில் சிரித்தார். "இரும்பு உள்ள போனா கறுப்பாத்தான் வெளிய வரும். இதச் சொல்லாதது எந் தப்புத்தான்." பிறகு சிரிப்பை நிறுத்தினார். "எட்டு நாளா? சந்தேகம் வந்தா மருந்தக் கொட்டாதே தாயி. வந்து கேளு."

மறுபடி ஆரம்பித்தோம். நான்கு மாதம் கொடுத்தேன். கறுப்பைப் பார்க்கும்போதெல்லாம் வாய்க்கால் பக்கம் கண் போகும், ஆனாலும் கொடுத்தேன். இரண்டு பிள்ளைகளிடமும் நான் செய்தது அக்கறையாகத்தானே இருந்தது? அந்த அக்கறையைக் கண்டுதான் எனக்குப் பயம். இனி என்னென்ன செய்து வைக்குமோ.

ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தோம். மாமியாரும் வந்திருந்தார். தேர் பார்க்க எல்லோருக்கும் முன்னால் ஓடிய இளையவள் தெருக்கல்லில் விழுந்தாள். முழங்கால் கிழிந்து ரத்தம் வழிந்தது. அடர்ந்த சிவப்பு. கணுக்கால்வரை கோடாக இறங்கியது.

குழந்தை வீரிட்டு அழுகிறாள், நான் அந்த ரத்தத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இன்னும் கொஞ்சம் வரட்டும் என்றுகூட நினைத்துவிட்டேன். பெற்றவள் நினைக்கிற நினைப்பா அது?

"ஏட்டி, பிள்ள அழுகுது, நீ என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கே?" என்று கத்திய மாமியார், குனிந்து முந்தானையால் அந்தக் காலைப் பிடித்தார். பிடித்த கையை உடனே எடுக்கவில்லை. துணியில் ஊறிய சிவப்பை அவரும் சற்று நேரம் பார்த்தார்.