ஜக்கில் ஊற்றிய ஷிராஸ்

கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கேக்கும் ஒயினும் கொடுப்போம். கேக் பாறசாலை பேக்கரியில் வாங்குவது. ஒயின் நான் போடுவது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபின் எனக்கு ஒரு நல்ல பெயர் கிடைத்ததென்றால் அது அந்த ஒயினால் மட்டும்தான். என் வாய்க்கு யாரும் நல்ல பெயர் கொடுத்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம் அந்தப் பெயருக்கு ஆபத்து வந்தது. கொண்டு வந்தவன் என் கொழுந்தன், கணவரின் தம்பி. சுற்றுலாக் கப்பல் ஒன்றில் பரிமாறுகிற வேலை அவனுக்கு. லீவுக்கு வந்தவன், பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே சுற்றி வைத்திருந்த பாட்டிலைப் பிறந்த குழந்தையைத் தூக்குவது போல எடுத்தான். ஆஸ்திரேலியா ஒயின். ஷிராஸ் என்பது திராட்சையின் பெயராம். எனக்கு அது யாரோ துணிக்கடை முதலாளியின் பெயர் போலக் கேட்டது.

அதில் என்ன விசேஷம் என்று என் கணவர் கேட்டது தப்பு. கொழுந்தன் பிரசங்கம் ஆரம்பித்துவிட்டான். முழு பாட்டிலும் ஒரே தோட்டத்துப் பழமாம். பக்கத்துச் சரிவில் விளைந்ததைக்கூடச் சேர்க்க மாட்டார்களாம். அந்தச் சரிவின் செம்மண், பகல் வெயில், ராத்திரிக் குளிர் எல்லாம் பழத்தில் ஏறிவிடுமாம். நல்லமிளகு போடாமலே நல்லமிளகு வாசம் வருமாம்.

“மைனி, அந்த மண்ணுக்க ருசி அப்படியே நாக்கில தெரியும்.”

“எலே, மண்ணு ருசிச்சா பழத்த கழுவல்லன்னு அர்த்தம்.”

விஷயம் எனக்குப் புரியாமல் இல்லை. எங்கள் மேட்டு விளையில் பிடுங்கிய மரச்சீனிக் கிழங்கு வெந்தால் பூவாய் மலரும். அதே கம்பை வெட்டி வயல்கரையில் நட்டால், கிழங்கு விறகைத் தின்றுவிட்டுக் கல்லாய்க் கிடக்கும். மண்ணைப் பற்றி எனக்குச் சொல்ல இவன் கப்பலேறிப் போக வேண்டுமா?

என் பழம் எந்தத் தோட்டம் என்று கேட்டான். கம்பத்திலிருந்து லாரியில் வருவது, காட்டாக்கடைச் சந்தையில் வாங்கினேன், எந்தத் தோட்டம் என்று லாரிக்காரனுக்கே தெரியாது என்றேன். சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. என் கணவரோ இந்த வருடம் முன்னறையில் தம்பியின் ஒயின், உன்னுடையது அடுக்களையில் இருக்கட்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கிறிஸ்துமஸ் காலையில் கொழுந்தன் பாட்டிலைத் திறந்தான். அது கொஞ்சம் காற்று வாங்க வேண்டுமாம். நானும் கேட்டேன், அதற்கு என்ன மூச்சு முட்டுகிறதா என்று. அவன் காதில் விழவில்லை. மொத்தத்தையும் என் கண்ணாடி ஜக்கில் ஊற்றிவிட்டு, காலி பாட்டிலைப் பத்திரமாகத் தன் அறையில் கொண்டு வைத்தான். இங்கேதான் காரியம் கெட்டது. என் வீடு, என் ஜக்கு, வருடாவருடம் நான் ஊற்றுகிற அதே சின்னக் கிளாஸ்கள்.

கோயிலில் ஆராதனை முடிந்து முதலில் வந்தது என் மாமனாரின் அக்கா, எங்களுக்கு மாமி. கூடவே அக்கம்பக்கத்துப் பெண்கள். எங்கள் பக்கத்தில் ஒயின் என்றால் இனிக்க வேண்டும். மாமி ஒரு மடக்குக் குடித்தார். முகம் சுருங்கியது. கிளாசை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சாரமில்ல மக்கா, போவட்டும். எல்லாருக்கும் ஒருக்கா கை பிழைக்கும். ஆனா நல்லமொளவு எதுக்குப் போட்ட? இது என்ன கஷாயமா?”

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். இரக்கப்பட்டால் என்ன செய்வது? கொழுந்தனைப் பார்த்தேன். அவன் கேக்கில் உலர்ந்த திராட்சையைத் தேடிக்கொண்டிருந்தான். என் கணவர் மெல்ல, அது ஆஸ்திரேலியா என்று ஆரம்பித்தார்.

“ஆஸ்திரேலியா பழத்திலயா போட்ட? அதாக்கும்,” என்று மாமி அதையும் என் கணக்கிலேயே எழுதினார். பிறகு சீனி கேட்டு வாங்கி, ஷிராஸில் ஆளுக்கொரு கரண்டி போட்டுக் கலக்கிக் கொடுத்தார். என் மனம் நோகக்கூடாதென்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்கள். நான் அடுக்களைக்குப் போய் என் ஒயின் பரணியைத் திறந்து ஊற்றிக்கொண்டு வருவதற்குள் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். மாமியின் வாய் எனக்குத் தெரியும். மத்தியானத்துக்குள் காரக்கோணம் வரை நான் ஒயினைக் கெடுத்தவளாகிவிடுவேன்.

ஜக்கில் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. கோபத்தில் அதைக் குடித்தேன். புளிப்பும் துவர்ப்பும் போன பிறகு, தொண்டையருகில், அவன் சொன்ன நல்லமிளகு இருந்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

“எலே, அந்தப் பாட்டில எடு. எனக்க கூட வா.”

கையில் என் ஒயினோடு நான் முன்னால், காலி பாட்டிலோடு அவன் பின்னால். மாமி ஏற்கெனவே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்த முதல் வீட்டில் சரிவு, செம்மண், ராத்திரிக் குளிர் எல்லாம் சொன்னான். வீட்டுக்காரர் என் ஒயினைக் குடித்தபடி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இத்தன இருந்தும் ஏன் புளிச்சு?” என்றார். அடுத்த வீட்டில் குளிரை விட்டுவிட்டான். அதற்கடுத்த வீட்டில் சரிவும் மண்ணும் போயின.

மாமி உட்கார்ந்து என் கதையைச் சொல்லிக்கொண்டிருந்த வீட்டுக்குப் போனபோது, அவன் பாட்டிலை மட்டும் தூக்கிக் காட்டினான்.

“மாமி, புளிச்சது எனக்கது. மைனிக்க ஒயினு நல்லதாக்கும்.”

மாமி என் கிளாசை வாங்கி, நிதானமாகக் கடைசிச் சொட்டுவரை குடித்து, சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“விடு மக்கா. அடுத்த வருசம் மைனிகிட்ட கேட்டுப் போடு.”