நான்காம் மாடி எலுமிச்சம்பழம்

பந்தெறியும் பிள்ளையைத் தேடுவது என் வேலை, பந்தைப் பார்த்ததும் "கிரிக்கெட்டா?" என்று கேட்பவர்களிடையே தேடுவது என் தலைவிதி. பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் எழுதியவன். பத்திரிகை நின்ற பிறகு, ஜப்பானியக் கல்லூரி அணி ஒன்றுக்காக பர்மாவின் யாங்கூனில் பேஸ்பால் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்கிறேன். வரன் தேடி அலைந்தவர்களுக்கு என் பாடு புரியும்.

அறுந்த கயிறு

இங்கே மாடிவீட்டுக்காரர்கள் தெருவரை கயிறு தொங்கவிட்டிருப்பார்கள். சாமான்கள் அதில் ஏறிப்போகும். தாமுவே பேட்டையில் ஒரு நான்காம் மாடிக் கயிறு அறுந்துவிட்டது. கீழே காய்கறிக்கடையில் வேலைசெய்த பையன் எலுமிச்சம்பழங்களை ஒவ்வொன்றாக மேலே எறிந்தான். பால்கனியில் துண்டை விரித்து நின்ற பெண் அதை இப்படி அப்படி நகர்த்த வேண்டியே வரவில்லை. பையன் பெயர் வேலு, பக்கத்துத் தாகேதா பேட்டைக்காரன், உயர்நிலைப் பள்ளியில் கடைசி வகுப்பு. மேலேயிருந்து குரல் வந்தது: "தம்பி, இனிமே நான் கயிறே கட்டப்போறதில்லை!"

அம்மாவின் கேள்வி

நான் பழக்கிவிட்டதில், மழைக்காலம் முடிவதற்குள் அவன் பந்து சீறியது. அவன் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"எறிஞ்சிட்டு அப்புறம் என்ன செய்வான்?"

"திரும்பவும் எறிவான்."

"இதுக்கா ஜப்பான்?" என்று சிரித்தார்.

பதினெட்டு முடிந்துவிட்டால் இங்கே கட்டாயப் பட்டாளம், ஆண்பிள்ளை நாட்டைவிட்டு வெளியே போவது பெரும்பாடு. வேலுவின் பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வாசல்வரை வந்த பிறகுதான் மெதுவாகச் சொன்னார்: "பந்து எறியவோ, பாத்திரம் கழுவவோ, எதுக்காவது கூட்டிட்டுப் போகச் சொல்லுங்கண்ணே."

பெரியவர் முகம்

ஜப்பானிலிருந்து பயிற்சியாளர் வந்தார். தலை முழுக்க நரை. நகருக்கு வெளியே மாவ்பியில் ஒரு மைதானம். பந்து பிடிக்க ஆள் வராததால் அவரே முகமூடி மாட்டி, கையுறையோடு குந்தி உட்கார்ந்தார். வேலு முதல் பந்தை எறியவே இல்லை. நடந்துபோய், இடக்கையால் வலது முழங்கையைத் தாங்கி, இங்கே பெரியவர்களுக்குக் கொடுக்கும் முறைப்படி கையில் கொடுத்துவிட்டு வந்தான். நான் அதட்டியதும் எறிந்தான், குழந்தைக்குப் போடுவதுபோல.

"என்னடா இது?" என்றேன்.

"பெரியவர் முகத்துக்கு நேரா எப்படி வீசறது, சயா?" என்றான். சயா என்றால் இங்கே வாத்தியார், ஐயா எல்லாம்தான்.

விஷயத்தைச் சொன்னேன். கிழவர் எழுந்து, கையுறையைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். அடுத்த பந்தில் கையுறை விழுந்தது, ஆணியும் விழுந்தது. அரைகுறை பர்மிய மொழியில் அவர் சொன்னார்: "வரச் சொல்லுங்கள். அங்கே பந்து பிடிப்பவன் இவன் வயதுப் பையன்தான்."

பனி

அழைப்பு வந்தது. பயண அனுமதி வரவில்லை. அதற்குள் பிறந்தநாள் வந்துவிட்டது. அவன் அம்மா கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு, எனக்கும் பிரசாதம் கொடுத்தனுப்பினார்.

நேற்று தாமுவே போனேன். அதே கடை. மாடிப்பெண், "இன்னும் போகலியா? எனக்கு நல்லதாப்போச்சு!" என்று துண்டை விரித்தார். வேலு சிரித்துக்கொண்டே எறிந்தான். பிறகு ஒரு பழத்தைக் கையில் உருட்டியபடி என்னைப் பார்க்காமல் கேட்டான்: "அங்க பனி பெய்யும்போது பந்து வழுக்குமா, சயா?"

ஜப்பானுக்கு ஆள் அனுப்பும் உத்தியோகத்தில் நான் பார்க்க இதுவரை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது, நான்காம் மாடிக்கு எலுமிச்சம்பழம் மட்டும்தான்.