கைக்கு நோய் வராது

உயிர்மீன் ஏற்றிப் போகிறவன் மீனைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் சுமக்கிறான்; அந்தத் தண்ணீரில் வேறு என்ன வருகிறது என்று அவனுக்குத் தெரியாது. என்னைப் போல ராத்திரி வேலை பார்த்துவிட்டு, அங்கிருந்து எதைச் சுமந்துவந்தோம் என்று தெரியாமல் பகலில் தூக்கம் வராமல் புரளும் உங்களுக்கு இந்தச் சங்கடம் புரியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மீனுக்குப் புண்நோய் பரவிய காலத்தில், ஓசூரில் ஒரு மீன்குஞ்சு வியாபாரியிடம் இருந்தேன். வேன் தலையில் கட்டிவந்த பரிசலில் குஞ்சுகளை ஏற்றி, ஏரி நடுவில் கொண்டுபோய் விடுவது வேலை.

புத்தகம் படித்தவன்

பழைய பேப்பர் கடையில் மீன் நோய் பற்றிய சின்னப் புத்தகம் ஒன்று கிடைத்தது. எழுத்துக்கூட்டிப் படித்து நானே சட்டம் போட்டேன்: ஓர் ஏரியில் இறங்கிய பரிசலும் வலையும் பெர்மாங்கனேட் என்கிற கிருமி கொல்லும் மருந்து கரைத்த தண்ணீரில் கழுவிக் காயாமல் அடுத்த ஏரியில் இறங்கக் கூடாது. குஞ்சுகளை விடுமுன் உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும். முதலாளி தலையாட்டினார். பரிசல் தள்ளும் முனிராஜு உப்பு மூட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "வளக்கறதுக்கா அண்ணா, ஊறுகாய்க்கா?"

கை பார்த்தல்

பரிசலைக் கழுவினோமா என்று ஏரிக் குத்தகைக்காரர்களுக்கு எப்படித் தெரியும்? அந்த மருந்து பட்டால் கை பழுப்பாகிவிடும், நாலு நாளைக்குப் போகாது. அதனால் வேன் நின்றதும் முதலில் எங்கள் கையைப் பார்ப்பார்கள். ஊத்தங்கரைப் பக்கம் ஓர் அம்மா என் விரல் இடுக்குவரை விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எம்பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்தப்பகூட இவ்ளோ உத்துப் பாக்கல சாமி."

பாஷா பாயின் ஏரி

பாஷா பாய் லாரியை விற்றுவிட்டு, பேரிகை ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அவருக்கு வேறு பிழைப்பு இல்லை. அங்கே குஞ்சு விடப் போனதற்கு முதல் நாள் சாயங்காலம் எங்கள் பரிசல் கெலவரப்பள்ளிப் பக்கத்தில் ஒரு குட்டையில் இருந்தது. அந்தக் குட்டையில் இரண்டு மீன்களின் வயிற்றில் சிவப்பாகப் புண் பார்த்தேன். மறுநாள் வழியில் டயர் பஞ்சர். பாயின் ஏரிக்கு நாங்கள் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. டிரம்மில் குஞ்சுகள் மூச்சுக்குத் திணறி மேலே வந்து வாய் பிளந்தன. பரிசலைக் கழுவிக் காயவைக்க நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மக்கில் ஒரு சிட்டிகை மருந்தைக் கரைத்து இரண்டு கையையும் முக்கினேன். முனிராஜு பார்த்துக்கொண்டே இருந்தான். "கைக்கு நோய் வராது அண்ணா" என்றான், அவ்வளவுதான்.

பாய் என் கைகளைப் பிடித்துப் பார்த்தார். டீ வாங்கிக் கொடுத்தார். பரிசலை ஒருதரம் பாருங்கள் என்று ஒப்புக்குச் சொல்லிவைத்தேன். "உங்க கையைப் பாத்துட்டேன் தம்பி, பரிசலை எதுக்குப் பாக்கணும்?"

மார்கழி

பனி விழுந்ததும் அந்த ஏரியில் மீன்கள் புண்ணோடு கரை ஒதுங்கின. பாய் ஆள் அனுப்பினார். திட்டப்போகிறார் என்று போனேன். அவர் கூப்பிட்டது வேறு காரியத்துக்கு. புண் வராத மீனையெல்லாம் பிடித்து, பரிசலில் கரைக்குக் கொண்டுவந்து, தன் மச்சான் ஏரிக்கு மாற்ற வேண்டுமாம். சுத்தமாகக் கழுவுகிற ஆள் நான்தானாம்.

பரிசல் கயிற்றைக் கையில் எடுத்துவிட்டேன். அப்புறம்தான் வாய் வந்தது. மாற்றாதீர்கள் பாய், புண் தெரியாத மீனிலும் நோய் இருக்கும், மச்சான் ஏரியும் போய்விடும் என்றேன். இந்த நோய் எங்கள் பரிசலில்தான் வந்தது, அன்றைக்கு நான் கழுவியது கையை மட்டும்தான் என்றும் சொன்னேன்.  மீன் அள்ள எடுத்துவைத்திருந்த கூடையை அவர் கவிழ்த்து வைத்தார். பிறகு கத்தாமல் கேட்டார்: "பயத்துல செஞ்சீங்களா, தூக்கக் கலக்கத்துல செஞ்சீங்களா, அதை மட்டும் சொல்லுங்க தம்பி."

இரண்டும் இல்லை, சோம்பல்தான் என்று சொல்ல வாய் வராமல் அந்த வேலையை விட்டவன், உயிரில்லாத நட்டு போல்ட்டுக்கு என்னிடமிருந்து எதுவும் தொற்றாது என்கிற நம்பிக்கையில் இன்றுவரை ஒரு பாக்டரியில் ராத்திரி வாட்ச்மேனாக இருக்கிறேன்.