வாசலில் நின்ற ஆம்புலன்ஸ்

ஆபீஸ் மேசையில் இருக்கும் போனைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா? நான் பயப்படுகிறேன். போன வாரத்திலிருந்து.

மீன் உருண்டை செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் நான் வேலை பார்ப்பது, இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். முன்பு ராவாங்கில் இருந்தோம். இந்த வருடம்தான் கோல சிலாங்கூருக்கு வெளியே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய புது இடத்துக்கு மாறினோம்.

மேசை, நாற்காலி, முருகன் படம், மாதா படம் எல்லாம் லோரியில் வந்தன. போனும் வந்தது. இன்டர்நெட்டில் ஓடும் போன். வயரைச் செருகியதும் பழைய நம்பரிலேயே மணி அடித்தது. முதலாளிக்கு ஒரே சந்தோஷம்.

"பாத்தியா, நம்பர் மாறல. நாம எடம் மாறுனதே கஸ்டமருக்குத் தெரியாது," என்றார்.

கஸ்டமருக்கு மட்டுமா தெரியாது?

செவ்வாய்க்கிழமை மதியம். எங்கள் குளிர் அறை சூப்பர்வைசர் மரியதாஸ் அண்ணன் ஆபீசுக்குள் வந்து நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். குளிர் அறையிலிருந்து வந்த மனிதருக்கு முகமெல்லாம் வியர்வை.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல லா. கேஸ்தான். நெஞ்ச அடைக்குது."

சொல்லும்போதே இடது கையைப் பிசைந்துகொண்டார்.

எங்களுடையது உணவுத் தொழிற்சாலை. கைபேசிகளைக் காலையிலேயே செக்யூரிட்டி கார்டு அறையில் ஒப்படைத்துவிட வேண்டும். அதனால் கிளார்க் கவிதா மேசைப் போனை எடுத்து ஆம்புலன்சுக்கு 999 அடித்தாள். உடனே கிடைத்தது. அப்பாடா என்றிருந்தது.

மறுமுனையில் இருந்தவர் தன் திரையில் தெரிந்த முகவரியை வாசித்து, "பெத்துல்?" என்று கேட்டிருக்கிறார். சரிதானே என்று. அது ராவாங் முகவரி. கவிதா வருடக்கணக்காக லோரிக்காரர்களுக்கும் சப்ளையர்களுக்கும் ஒப்பித்த முகவரி. காதில் விழுந்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "பெத்துல், பெத்துல்."

அதிகாரமான குரலில் யாராவது மலாயில் கேட்டால், பதற்றத்தில் நம்மவர்கள் எல்லாவற்றுக்கும் "யா, யா" தான். இல்லை என்கிறீர்களா? நான் போனை எடுத்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

காத்திருந்தோம். அண்ணன் சட்டைப் பையிலிருந்த ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உதடுகள் வெளுத்துக்கொண்டே வந்தன. சைரன் கேட்கிறதா... இதோ... இல்லை. வெளியே செம்பனை மட்டைகள் உரசும் சத்தம்தான்.

போன் அடித்தது. கவிதா ஸ்பீக்கரில் போட்டாள். ஓர் ஆண் குரல், மலாயில் — ஆம்புலன்சிலிருந்து பேசுகிறோம், வாசலில்தான் நிற்கிறோம், கதவு பூட்டியிருக்கிறது, திறங்கள்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

வாசலில் யாரும் இல்லை. வெயில் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. பின்னால் ஸ்பீக்கரில் அந்தக் குரல் இன்னும், திறங்கள், திறங்கள் என்கிறது. பட்டப்பகலில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"அக்கா... ராவாங்குக்கா," என்றாள் கவிதா. "ராவாங்குக்குப் போயிட்டாங்கக்கா."

ஆம்புலன்சும் வாசலில் நிற்கிறது. நாங்களும் வாசலில் நிற்கிறோம். நடுவில் ஒரு மணி நேரச் சாலை.

கோல சிலாங்கூரிலிருந்து வேறு வண்டி அனுப்புவதாகச் சொன்னார்கள். இன்னொரு முறை காத்திருக்க எங்களுக்குத் தைரியம் இல்லை. மீன் ஏற்றும் லோரியின் முன் சீட்டில் அண்ணனைத் தூக்கி உட்கார வைத்தோம். நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

"அண்ணே, எதாச்சும் பேசுங்கண்ணே."

தலை என் தோளில் விழுந்தது. போய்விட்டாரோ என்று அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் மறுபடி மறுபடி வைத்துப் பார்த்தேன்.

பிழைத்துக்கொண்டார். டாக்டர்கள் புண்ணியம்.

மறுநாள் போன் கம்பெனிக்கு அடித்தேன். கத்துவதற்குத்தான். பேசிய தம்பி நிதானமாகச் சொன்னார்: "எடம் மாறுனா அட்ரஸ அப்டேட் பண்றது உங்க பொறுப்பு மேடம். சைன் பண்ணும்போதே சொல்லியிருப்போமே." கரண்ட் போனாலோ இன்டர்நெட் படுத்தாலோ 999 கூடக் கிடைக்காது என்பதையும் அவரே சொன்னார். இடி இடித்தாலே கரண்ட் போகிற இடம் எங்களுடையது. செவ்வாய்க்கிழமை மழை பெய்திருந்தால்?

அந்தத் தம்பியிடம் என்ன கத்துவது? புது இடத்தில் பால் காய்ச்சினோம். ஃபாதரை அழைத்து ஜெபம் வைத்தோம். நல்ல நேரம் பார்த்துப் பலகை மாட்டினோம். போனுக்கு மட்டும் நாங்கள் இங்கே வந்துவிட்ட விஷயத்தைச் சொல்லவில்லை.

இப்போது சொல்லிவிட்டோம். புது முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதி போனுக்கு மேலேயே ஒட்டியும் வைத்திருக்கிறோம். ஆனாலும் அது அடிக்கும்போதெல்லாம் கவிதா என்னைப் பார்க்கிறாள். நான் கதவைப் பார்க்கிறேன்.

நேற்று வார்டுக்குப் போனேன். மரியதாஸ் அண்ணனுக்குக் குரல் மெல்லத்தான் வருகிறது.

"ஆம்புலன்ஸ் வருதுன்னு கவிதா சொல்லுச்சே... வந்துச்சா புள்ள?"

"வந்துச்சுண்ணே," என்றேன்.

எந்த வாசலுக்கு என்று சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.